மூணாவது வால்வில் வந்த சத்தம்

என் அருமைச் சண்டைக்கார மாப்ளே சேவியருக்கு,

அங்கே யாராவது பேண்டு வாசிக்கிறாங்களா? வாசிச்சா நீ சும்மா உட்கார்ந்திருக்க மாட்டே, குறை சொல்லிக்கிட்டுத்தான் இருப்பே. நேத்து உன் முதல் வருச நினைவுப் பூசை. அது எப்படி முடிஞ்சதுன்னு உன்கிட்ட சொல்லாம எனக்குத் தூக்கம் வராது.

உன் கல்லறை முன்னால நம்ம கோயில் பேண்டு வாசிக்கணும், பாட்டு நடுவுல வர்ற அந்த மெதுவான இடத்தை உன் பித்தளைக் குழல் பிரெஞ்சு ஹார்ன்ல நான் வாசிக்கணும்னு ரீட்டா சொல்லிட்டா. தங்கச்சி கேட்டு நான் எதை மறுத்திருக்கேன்? உனக்கே கட்டிக் குடுத்தவன்தானே.

காலையில ஒத்திகை. ஹார்னோட மூணாவது வால்வை அமுக்குறப்பெல்லாம் சத்தம். பின்வரிசை சிரிச்சிருச்சு. பேண்டு மாஸ்டர் சிரிக்கலை. சாயங்காலம் வேன் கிளம்புறதுக்குள்ள சத்தம் நிக்கணும், இல்லேன்னா அந்த இடத்தை அமல்ராஜ் டிரம்பெட்ல வாசிக்கட்டும்னுட்டாரு. அமல்ராஜ்! எவன் வாசிப்புக்கு நீ காதுல பஞ்சு வச்சியோ, அவன் உன் தலைமாட்டுல நின்னு ஊதுறதா?

தாடிக்கொம்பு ரோட்டு வெயில்ல ஹார்னோட ரீட்டா வீட்டுக்கு ஓடினேன். பூட்டு விக்கிற எனக்கு வால்வு எம்மாத்திரம்னு ஒரு திமிரு. மூடியைத் திறந்து அச்சுல எண்ணெய் விட்டேன். போகலை. விரலால அமுக்குற லிவரோட மூட்டுல ஆடின திருகை இறுக்கினேன். போகலை. வால்வு திரும்பி முட்டி நிக்கிற இடத்து ரப்பர் தேய்ஞ்சு கிடந்துச்சு. உன் பழைய ரப்பர் செருப்புல துண்டு வெட்டி, வால்வுல போட்டிருக்கிற அடையாளக் கோடு ரெண்டும் நேரா வர்ற மாதிரி வச்சேன். 'தொப் தொப்'னு வந்தது நின்னுபோச்சு. அதுக்கு அடியில இன்னொண்ணு ஒளிஞ்சிருந்திருக்கு. 'டிக்'. உலோகத்துல உலோகம் படுற சத்தம்.

வாசல்ல வேன் வந்து நின்னுருச்சு. மறுபடி கழட்ட நேரமில்லை, கையெல்லாம் வேர்வை. ரீட்டா ஹார்னைப் பிடுங்கி அவளே அமுக்கிப் பார்த்தா. மெதுவா, அப்புறம் வேகமா. ஒரு சத்தமும் இல்லை. என்கிட்ட குடுத்தா. 'டிக்'.

"வால்வு நல்லாத்தான்ணே இருக்கு. உன் மோதிரம்தான் லிவர்ல தட்டுது."

கல்யாண மோதிரம்! விரலைத் தூக்கித் தூக்கி அடிக்காதே, லிவர் மேலயே வைன்னு நீ எம்புட்டு கத்தியிருப்பே. இப்ப கழட்டப் போனா வரலை. கல்யாணத்தன்னிக்கு இருந்த விரலா இது? சோப்பு, தேங்காயெண்ணெய், ஒரு பக்கம் ரீட்டா, ஒரு பக்கம் பூசைக்குக் கிளம்பி வந்திருந்த என் பெண்டாட்டி செல்வி. வெளியே டிரைவர் விடாம ஹார்ன் அடிக்கிறான்.

"கழட்டணும்னு இம்புட்டு ஆசையா"ன்னு முணுமுணுத்துக்கிட்டே செல்விதான் உருவினா. கொஞ்சம் தோலும் கூட வந்துச்சு. அதைத் தன் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டா. மோதிரத்தைச் சொல்றேன்.

கல்லறையில அந்த இடம் நெருங்கினப்ப, அமல்ராஜ் டிரம்பெட்டை உதட்டுக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு என் விரலையே பார்த்தான். நான் எப்படியும் சொதப்புவேன்னு நினைச்சானோ? நானே அப்படித்தான் நினைச்சேன். மூணாவது விரலோட முறை வந்துச்சு. லிவரை விட்டு எடுக்காமலே அமுக்கினேன்.

சுரம் மட்டும்தான் வந்துச்சு. ரீட்டா முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டா. அமல்ராஜ் டிரம்பெட்டைக் கீழே இறக்கினான்.

உனக்குக் கேட்டுச்சா மாப்ளே?

செல்வி மோதிரத்தை இன்னும் திருப்பித் தரலை. தந்தாலும், உன் ஹார்னைத் தொடுறதுக்கு முந்தி அவ கையில குடுத்துட்டுத்தான் தொடுவேன். எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் உன் இடத்தை டிரம்பெட்டுக்கு விட மாட்டேன்.

விரல் வெறுமையா இருக்கிற,
உன் மச்சான் அந்தோணி