முடியாத புரட்டாசி

யூரோப்பா நிலா, வெண்தளம்.
பதிவு: டாக்டர் ரங்கநாயகி. வேலை மருத்துவம். தலையில் கட்டியது சமையலும் கோழிப்பண்ணையும்.

புரட்டாசி 4, காலை 06:10

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் இயந்திரம் சரி. கோழிகள் எல்லாம் நலம், அந்தக் கறுப்பியைத் தவிர. அது என் விரலைக் கொத்திவிட்டு நலமாக இருக்கிறது.

நாளை என் வீட்டுக்காரர் சென்னியப்பனும், துளைப்பொறியாளர் ஜெசிந்தாவும் துளைக்குழிக்குக் கிளம்புகிறார்கள். பனியில் ஆழமாகத் துளை போடும் இடம் அது. நான் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே சமைக்க வசதி கிடையாது. அதனால் காலை உணவை மொத்தமாகச் செய்து முடித்துவிட்டேன். முட்டை இட்லி. முட்டையை நன்றாக அடித்து, பால்பொடி கரைத்த தண்ணீர் கொஞ்சம், மிளகு, முருங்கைக்கீரைப் பொடி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட். இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்தால் எண்ணெயே வேண்டாம். ஆறிய பிறகு ஒவ்வொன்றாகச் சுற்றி உறையவைக்க வேண்டும். சூட்டோடு சுற்றினால் நீர் கோத்துச் சவசவவென்று ஆகிவிடும். நாமக்கல்காரி சொல்கிறேன், முட்டை விஷயத்தில் எவனும் எனக்குப் பாடம் எடுக்க முடியாது.

உறைபெட்டி கரண்டைக் குடிக்கிறது. அணைத்துவிட்டேன். கதவோரம் பனியில் ஒரு குழி வெட்டி, பொட்டலங்களை அதில் வைத்துவிட்டேன். இந்த நிலா முழுக்கவே ஃப்ரீசர்தானே, தனியாக ஒரு பெட்டி எதற்கு?

நான் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. புரட்டாசி முடியும்வரை எனக்கு முட்டை கிடையாது. பெருமாளுக்கு வேண்டுதல். கோழிப்பண்ணை வீட்டில் பிறந்தவள் விட்டால் முட்டையைத்தான் விடவேண்டும். பிடிக்காத பாகற்காயை விடுவதெல்லாம் ஒரு வேண்டுதலா?

புரட்டாசி 8, காலை 07:30

துளைக்குழியிலிருந்து வானொலி. என் வீட்டுக்காரர்.

"ஏம்புள்ள, இட்லில உப்பே இல்ல. ஆஸ்பத்திரிச் சோறாட்டம் இருக்குது."

கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுத்தான். இரத்த அழுத்தம் இருக்கிறவருக்கு உப்பு அவ்வளவுதான் என்றேன். ஆவி பறக்கச் சூடு பண்ணித்தானே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஜெசிந்தா சிரித்தாள். வண்டியின் ஹீட்டருக்குத் தெம்பில்லையாம். ராத்திரி பொட்டலத்தை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் உடம்புச் சூட்டோடு அப்படியே சாப்பிடுகிறார்களாம். கத்தினேன். இரண்டு பேரும் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி இல்லை.

புரட்டாசி 13, காலை 07:30

அவர் குரல்.

"இன்னிக்கு இட்லி ரொம்ப நல்லா இருந்துதுங்க."

இத்தனை வருஷத்தில் என் சமையலை அவர் பாராட்டியது கிடையாது. எனக்கு 'ங்க' போட்டதும் கிடையாது. மண்டையில் எங்காவது இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஜெசிந்தாவைப் பேசச் சொன்னேன். ஹீட்டரை அணைத்து இரண்டு நாளாகிறதாம்.

"குளுரவே இல்லக்கா."

போடச் சொல்லி உத்தரவு போட்டேன். இரண்டு பேரும் ஒன்றாகச் "சரிங்க" என்றார்கள். ஒரே நேரத்தில், ஒரே மாதிரி. ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. அவள் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு எப்படி வந்தது?

புரட்டாசி 17, மதியம் 14:20

அவர்கள் உடுப்பிலிருந்து வரும் அளவுகளைப் பார்த்தேன். உடல் வெப்பம் பதினொரு டிகிரி. இரண்டு பேருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். இரண்டு கருவியும் ஒரே எண்ணில் கெடுமா?

வெளியே போய்ப் பனிக்குழியைத் திறந்தேன். மிச்சம் இருந்த பொட்டலங்களின் மேல் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது. சுற்றிய தாளைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கிறது. நுண்ணோக்கியில் வைத்தேன். உயிருள்ளது. இந்தப் பனியினுடையது. உறைந்தால் சும்மா கிடக்கிறது. கொதிக்கிற ஆவி பட்டால் அந்தக் கணமே செத்துவிடுகிறது. உடம்புச் சூட்டில் வைத்தால், கண்ணெதிரே பெருகுகிறது.

உறைபெட்டியை அணைத்தது நான்தான். கரண்டு மிச்சம் பிடிக்கப் போய், என் வீட்டுக்காரரின் வாயில் நானே இதை ஊட்டிவிட்டேன்.

குழியில் இருந்ததையெல்லாம் எரித்தேன். கையில் இருக்கும் இட்லியைத் தூக்கிப் போடுங்கள் என்று வானொலியில் கெஞ்சினேன்.

"எங்களோடது தீந்துபோச்சுங்க. உங்களுக்குன்னு ஒரு பொட்டலம் எடுத்து வெச்சிருக்கறம். கொண்டுட்டு வர்றமுங்க."

புரட்டாசி 21, காலை 09:00

அவர்களின் ஆக்சிஜன் நேற்றே தீர்ந்துவிட்டது. கணக்கை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். கோழிக்கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க அழுதேன். காலையில் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் இறந்துவிட்டார் என்று இந்தப் பதிவில் எழுத உட்கார்ந்தேன்.

வானொலி பேசியது.

"நடந்து வந்துட்டு இருக்கறமுங்க. வண்டி எதுக்குங்க, கால் இருக்குதே."

உடுப்பில் ஆக்சிஜன் பூஜ்யம். மூச்சு வாங்குகிற சத்தம் இல்லை. மூச்சுச் சத்தமே இல்லை.

புரட்டாசி 24, மாலை 16:45

வந்துவிட்டார்கள்.

உள்ளே தாழிட்டுவிட்டேன், இனிக் கதவை உள்ளிருந்துதான் திறக்க முடியும். வெளியிலிருந்து திறக்கும் சாவி, அடுத்த ஆட்களைக் கொண்டுவரும் கப்பலின் கேப்டனிடம் மட்டும் இருக்கிறது. அந்த மட்டும் பிழைத்தேன்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் தலைக்கவசத்தின் உள்பக்கம் முழுக்க அந்த வெள்ளை நூல். நடுவில் முகம் இருக்கிறது. கண் சிமிட்டவில்லை. ஒரு கையில் என் பொட்டலம்.

கதவைத் திறந்து சாப்பிடச் சொன்னார். என்ன சொல்வதென்று தெரியாமல், புரட்டாசி என்று உளறிவிட்டேன்.

பொட்டலம் இருந்த கையைத் தாழ்த்தினார். பிறகு,

"மறந்தே போச்சுங்க. விரதம் முடியட்டும். நாங்க இருக்கறம்."

இருக்கிறார்கள். இரண்டு பேரும் கதவுக்கு எதிரே நிற்கிறார்கள். உட்காரவில்லை. அவர் மண்டைக்குள் எதுவோ குடிவந்திருக்கிறது. ஆனாலும் என் விரதத்தை மதிக்கிற அந்த ஒரு இடம் மட்டும் காலியாகவில்லை.

புரட்டாசி 30, காலை 06:10

நாளை ஐப்பசி.

அவர்கள் உடுப்பில் தெரியும் தேதி, தளத்துக் கடிகாரத்திலிருந்துதான் போகிறது. யோசித்தேன். சாமி கண்ணை மூடிக்கொள்ளட்டும். கடிகாரத்தின் உள்ளே போய் மாதத்தின் நீளத்தை மாற்றிவிட்டேன்.

புரட்டாசி 31, காலை 06:10

நிற்கிறார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

புரட்டாசி 36, காலை 08:00

அரிசியும் பருப்பும் தீர்ந்தன. பால்பொடியைக் கரைத்துக் குடிக்கிறேன். கோழிகள் இடுகிற முட்டை கூடை கூடையாகக் கிடக்கிறது. அது நல்ல முட்டைதான், பனி படாதது. ஆனாலும் நான் ஒரு முட்டையை உடைத்தால் விரதம் முடிந்தது என்று ஆகிவிடும். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இன்று காலை வானொலியில் அவர்.

"ஏம்புள்ள."

கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது. அது அவர் குரல். உப்பு இல்லை என்று சண்டை போடுகிற குரல்.

"இந்த மாசம் ரொம்ப நீளமாப் போவுது புள்ள. எனக்குத் தெரியும். நீ நீட்டு."

சன்னலுக்கு ஓடினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் செய்யாத வேலை அது. பதில் வந்தது.

"சொல்லுங்க. விரதம் முடிஞ்சுதுங்களா?"

போய்விட்டார். வாய்விட்டு அழுதேன். உள்ளே எங்கேயோ இருந்துகொண்டு அவர் எனக்குக் காவல் இருக்கிறார். எத்தனை நாளைக்கு முடியுமோ.

புரட்டாசி 41, மதியம் 12:15

கப்பல் வானொலி எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கேப்டன் மார்த்தாண்டன். நாளை காலை இறங்குகிறார்கள். பனியில் கால் வைக்காதே, யாரையும் பக்கத்தில் விடாதே, திரும்பிப் போ என்று கத்தினேன். அதே அலைவரிசையில் என் வீட்டுக்காரரும் பேசினார். அமைதியாக, அழகாக.

"வாங்க, வாங்க. அவங்க பேச்சைத் தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மாசமா விரதமுங்க. பசில பேசறாங்க."

அந்தக் கேப்டனைத் திட்டாத திட்டில்லை. அதுதான் நான் செய்த தப்பு. அவர் பதில் இது.

"டாக்டரம்மா, கொஞ்சம் அமைதியா இருங்க. ஐயா சொல்றது தெளிவா இருக்கு. ஐயா, நாங்களும் டப்பா சாப்பாடு சாப்ட்டு நாக்கு செத்துக் கெடக்கோம். முட்டை ஏதும் இருக்கா?"

"ஒரு பொட்டலம் இருக்குதுங்க. பிச்சு ஆளுக்குக் கொஞ்சம் சாப்படலாம்."

அது எனக்கு வைத்தது என்றேன். என் வீட்டுக்காரர் சன்னல் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத்தானுங்க விரதம். வர்றவங்களுக்கு இல்லையே."

இரண்டு பேரும் கப்பல் இறங்கும் திடலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஐப்பசி 1, மதியம் 13:05

தேதியை நானே மாற்றினேன். வானொலியில் கூப்பிட்டேன். புரட்டாசி முடிந்தது, விரதம் விட்டாயிற்று, என் பங்கை எனக்கே கொண்டுவாருங்கள், கதவைத் திறக்கிறேன் என்றேன். நின்றார்கள். திரும்பிவிட்டார்கள்.

கேப்டன், கப்பல் இறங்கியதும் உங்கள் இயந்திரம் இந்தப் பதிவை இறக்கிக்கொள்ளும். இதைப் படித்து முடிக்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். அதுவரை இவர்கள் உங்களிடம் வந்துசேராமல் இருந்தால் போதும். இங்கே எழுதியதை யாராலும் அழிக்க முடியாது.

என் திட்டம் இதுதான். அடுப்பில் இட்லிப்பானை கொதிக்கிறது. பொட்டலம் கைக்கு வந்ததும் அதில் போட்டுவிடுவேன். அவர்கள் உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டு, கைப்பிடியைக் கழற்றி உடைத்துவிடுவேன். பிறகு இங்கிருந்து யாரும் வெளியேற முடியாது. நானும்தான். உங்களிடம் இருக்கும் சாவியைத் திடலிலேயே உருக்கிவிடுங்கள்.

பயமாக இருக்கிறது. ஆனாலும் அவரை வெளியிலேயே நிற்கவைத்து எனக்குப் பழக்கமில்லை.

கேப்டன், ஒன்று மட்டும் மறக்காதீர்கள். நாமக்கல் ரங்கநாயகி யாரிடமும் பதமாகப் பேசியவள் இல்லை. உங்களை இன்று திட்டியதுதான் நான். இதற்குப் பிறகு என் பேச்சு மரியாதையாக, இனிமையாக வந்தால், அது நானில்லை. நம்பாதீர்

தட்டுகிறார்கள். மெதுவாக, விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி

ஐப்பசி 2, காலை 06:10

வணக்கமுங்க.

காற்றழுத்தம் சரி. கோழிகள் எல்லாம் நலம். நேற்றுக் கேப்டன் ஐயாவிடம் கடுமையாகப் பேசியதற்கு மன்னிக்க வேண்டும். பசியில் பேசிவிட்டேன். மேலே எழுதியிருப்பதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கதவின் உள்பக்கக் கைப்பிடி சிறிது பழுது. சிரமம் பார்க்காமல் உங்கள் சாவியால் வெளியிலிருந்து நீங்களே திறந்துகொள்ளலாம்.

எல்லோருக்கும் காலை உணவு தயாராக இருக்கிறது. முட்டை நிறைய இருந்தது. செய்து, ஆறவைத்து, எங்கள் உடுப்போடு உள்ளே வந்த பனியில் வைத்திருக்கிறோம். அடுப்பை அணைத்துவிட்டோம். சூடு பண்ண வேண்டாமுங்க.

இங்கே குளிரவே இல்லை.