இன்னைக்கு எளநி குடிக்கலாமா?

சூலக்கரை முக்கில் இளநீர் வாங்கினேன். சீவிக் கொடுத்தவர் ஸ்ட்ராவை எடுத்தார். வேண்டாம், பாட்டிலில் ஊற்றுங்கள் என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆய்வகத்துக்கு என்றால் மட்டும் புரிந்துவிடுமா? அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, எரிச்சலோடுதான்.

உன் சிறுநீரகம் கைவிட்ட பிறகு டாக்டர் தடுத்ததில் நீ ஏங்கியது இந்த ஒன்றுக்குத்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றிருந்தார். நான் செய்துகொண்டிருந்ததோ, ஒரு சொட்டுத் திரவத்தில் பொட்டாசியத்தை அளக்கும் கிராஃபீன் டிரான்சிஸ்டர். ஓர் அணு கனமே உள்ள கரி ஏடு அது. மேலே எது ஒட்டினாலும் அதில் ஓடும் மின்சாரம் மாறும். அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வெள்ளி மைக் கோடுகளை சிவகாசியில் உன் அச்சகத்திலேயே, காலண்டர் ஆர்டர்களுக்கு நடுவே பிளாஸ்டிக் தாளில் அடித்துக் கொடுத்தாய். "கிராஃபெல்லாம் நீயே வச்சுக்கோ. இன்னைக்கு எளநி குடிக்கலாமா கூடாதான்னு மட்டும் அதைச் சொல்லச் சொல்லுலே," என்பாய்.

சொல்லவில்லையே அந்தச் சனியன்! உப்புத் தண்ணீரில் கச்சிதமாக அளந்தது. ரத்தத்தில் வைத்தால் அதிலுள்ள புரதமெல்லாம் மேலே அப்பிக்கொள்ள, எண் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டே போனது. சாயங்காலமானால் போன் செய்து கேட்பாய். "இன்னும் சரியாகலைலே" என்பேன். நீ ஒரு நாளும் கோபித்ததில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருக்கும் எனக்கு.

காலண்டர் சீசன் உச்சத்தில் டயாலிசிஸைத் தள்ளிப் போட்டாய். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று போனில் கத்தினேன். "லோடு ஏத்திவிட்டுட்டு நாளைக்குப் போறேன்லே. ஒரு நாள்ல என்ன ஆயிரப்போவுது?" என்றாய். மறுநாள் காலையில் நீ இல்லை. என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லத்தானே அந்தக் கருவி! உன் மேல் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதைவிட அந்தக் கருவியின் மேல்.

இப்போது அந்தக் கோடுகளை உன் தம்பி அச்சடித்துத் தருகிறான். இன்று பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். இளநீரின் பொட்டாசியத்தைப் பிசகாமல் சொன்னது. பிறகு என் விரலைக் குத்தி ரத்தம் வைத்தேன். எண் சரியான இடத்துக்கு வந்து நின்றது. இவ்வளவு நேரம் அது நின்றதே இல்லை. குடிக்கலாம் என்றது, எதைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாத என்னிடம்! அப்புறம் மெல்ல நகர ஆரம்பித்தது, பாழாய்ப்போனது.

பாட்டிலில் மிச்சம் அப்படியே இருக்கிறது. சாயங்காலமாகிவிட்டது, நீ கேட்கிற நேரம்.

இன்னும் சரியாகலைலே.