தேசிக்காய் மரத்தடியில் ஐந்து நாள்

பேத்தியின் வெள்ளைக் கோட்டைக் கழுவ எடுத்தேன். நம் மூத்த மகளின் பிள்ளை பேராதனையில் டொக்டருக்குப் படிக்கிறாள். லீவுக்கு நேற்றுத்தான் கிண்ணியாவுக்கு வந்தாள். கோட்டைத் தண்ணீரில் போட்டதும் அந்த மருந்து மணம் மூக்கில் ஏறியது. மூடி இறுக்கியிருந்தும் அன்றைக்கு என் கையில் ஒட்டிக்கொண்ட மணம் அது. உங்கள் போத்தலின் மணம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி டொக்டராகப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். நீங்கள் இருந்திருந்தால் என்னை முந்தியிருப்பீர்கள்.

துறைமுகத்தில் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி கொண்டுபோகும் வள்ளத்துக்குச் சுக்கான் பிடித்த மனிசன் நீங்கள். மூத்திரம் போக ஏலாமல் வேலியோரம் நெடுநேரம் நின்றுவிட்டு வந்து, "நிலவு பார்த்தனான்" என்பீர்கள். "பட்டப்பகலில என்ன நிலவு?" என்று கேட்டால் கோபம் வரும். கடைசியில் ஒரேயடியாக அடைத்துப்போய்த்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள்.

"மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி வீங்கியிருக்கு. வெட்டி எடுக்க வேணும்" என்றார் டொக்டர். உள்ளே கொண்டுபோக முன் நீங்கள் என்னைக் குனியச் சொல்லிச் சொன்னீர்கள்: "வெட்டுறத்த நாய் பூனைக்குப் போட விடாத, புள்ள. மண்ணில வை."

பின்னேரம் நேர்ஸ் ஒரு போத்தலையும் ஆங்கிலக் கடிதத்தையும் தந்தா. கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லித்தான் தந்தா. என் காதில் உங்கள் சொல் மட்டுமே இருந்தது. பிள்ளைகளின் தொப்புள்கொடி, நகம், முடி எல்லாவற்றையும் மண்ணுக்குக் கொடுத்து வந்தவர்கள் நாம். வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணியில் சுற்றி, தேசிக்காய் மரத்தடியில் பிஸ்மி சொல்லிப் புதைத்தேன். மூடியைத் திறக்கவில்லை. உங்கள் உடம்புக்குள் இருந்ததை நான் பார்ப்பது மரியாதை இல்லை என்று பட்டது.

ஐந்தாம் நாள் டொக்டர் கேட்டார். "கொழும்புக்கு அனுப்பியாச்சோ அம்மா? புற்றுநோயோ இல்லையோ எண்டு அந்தத் துண்டைப் பார்த்தால்தான் தெரியும்."

உள்ளதைச் சொன்னேன். "அடக்கிட்டன் டொக்டர்."

நீங்கள் தையலைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "செத்தவனுக்குப் போல கத்தம் ஓதிச் சோறும் குடுத்தயா?"

டொக்டர் சிரிக்கவில்லை. "மூடி திறந்தனீங்களோ?"

"இல்ல."

"அப்ப போய்த் தோண்டி எடுங்கோ. மருந்துத் தண்ணியில கிடந்தால் பழுதாகாது."

சிரட்டையால் தோண்டினேன். போத்தல் உடையவில்லை. என் தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினான். அதற்குப் பிறகு உங்கள் பகிடியும் நின்றுவிட்டது. தபால்காரனின் மணி கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். நான் ஐந்து நாளைத் தின்றுவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புற்று இல்லை என்று வந்தது. கூடவே டொக்டர் ஒன்று கேட்டார். ஆம்பிளைகளின் அந்தச் சுரப்பி வயதோடு எப்படி மாறுகிறது என்று கொழும்பில் ஆராய்கிறார்களாம். உங்கள் துண்டை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்திருக்கிறார்கள். அதை அவர்களே வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள். "இருக்கட்டும் டொக்டர். நான் வேலியோரம் நிண்ட மாதிரி இன்னொருத்தன் நிக்கக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "மறுமையில கேட்டா, கொழும்பில விட்டுட்டு வந்தனான் எண்டு சொல்லுறன்."

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நன்றாகத்தான் இருந்தீர்கள். ஒரு விடியற்காலை தொழுகைக்கு ஒளூ எடுத்துக்கொண்டிருக்கையில் தலையைப் பிடித்தபடி சாய்ந்தீர்கள். மூளையில் இரத்தக் குழாய் ஊதி வெடித்ததாம். தலையைத் திறந்து அதை முடிந்து விடுகிற டொக்டர்மார் இருக்கிறார்கள் என்று பேத்தி இப்போது சொல்கிறாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அக்கரை போகப் பாதைப் படகு துறைக்கு வரமுன்னரே நீங்கள் போய்விட்டீர்கள்.

"மூத்தப்பாட தகடு இன்னும் இருக்குமா மகள்?" என்று காலையில் பேத்தியிடம் கேட்டேன்.

"பழசுகளையும் கவனமா வெச்சிருப்பாங்க மூத்தம்மா."

"ஆருடையதெண்டாலும் பார்க்க முதல் பிஸ்மி சொல்லு."

"ஓம்" என்றாள், சிரிக்காமல்.

கோட்டைத் தேசிக்காய் மரத்தில்தான் காயப் போட்டிருக்கிறேன். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. உங்களை வைத்த இடத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. ஆனால் இந்த மரத்தடியில் ஐந்து நாள் இருந்தீர்கள். உங்களுக்கு ஸலாம் சொல்ல வேண்டும் போலிருந்தால் இங்கே வந்துதான் நிற்கிறேன்.