ஈயக்குண்டில் பிடித்த மீன்

4 மார்ச் 2024, திங்கள்

மழையில் நனைந்துதான் கிளினிக் போய்ச் சேர்ந்தேன். சுங்கை சிப்புட்டில் பாதி ஊருக்கு இருமல். பழைய தோட்டத்து மூன்றாம் டிவிஷன் குடியிருப்பிலிருந்து புனிதா மறுபடியும் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தினேஸ்வரிக்கு நான்கு வயது. வயிற்றுவலி, சோகை, பேச்சும் குறைந்துகொண்டே வருகிறது. "கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டேங்குது மிஸ்ஸி," என்றாள். புது டாக்டரம்மா ரத்தத்தில் காரீயம், அதுதான் ஈயம், இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நர்ஸாக இத்தனை வருஷத்தில் இந்தப் பரிசோதனைக்கு நான் ரத்தம் எடுத்ததே இல்லை.

21 மார்ச், வியாழன்

தினேஸ்வரியின் ரத்தத்தில் ஈயம் முப்பத்தொன்று. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டுமாம். மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தின்னும் என்கிறார் டாக்டர். மருந்தைவிட முக்கியம், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது. இந்தியாவிலிருந்து வரவழைத்த கண்மையா? சுவர்ப் பெயின்ட்டா?

புனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பள்ளிக்கூடம் போய் படிக்குமா மிஸ்ஸி?" படிக்கும் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? தெரியவில்லை.

24 மார்ச், ஞாயிறு

புனிதா வீட்டுக்குப் போனேன். மையும் இல்லை, பெயின்ட்டும் புதுசு. சரி என்று பின்பக்கம் போனால் — அடக் கடவுளே.

அவள் கணவர் தர்மா அண்ணன் லோரிப் பட்டறையில் ஃபோர்மேன். டிவிஷனிலேயே பெரிய தூண்டில்காரர். பழைய சுரங்கக் குளத்தில், எங்கள் வாயில் லொம்போங், அவருக்கு மாட்டாத தோமான் மீன் கிடையாது. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டை அவரே வார்த்து எல்லா வீட்டுக்கும் சும்மா கொடுப்பார். லோரிச் சக்கரத்தில் பேலன்ஸுக்கு மாட்டுகிற ஈயத்துண்டுகளைக் கொண்டுவந்து குவாலிச் சட்டியில் போட்டு உருக்குகிறார். புகை நேராக வீட்டுக்குள். கசடு மண்ணில். அந்த மண்ணில்தான் டிவிஷன் பிள்ளைகள் எல்லாம் சோறாக்கி விளையாடுகின்றன. தினேஸ்வரியின் வாயில் ஒரு குண்டு, மிட்டாய் மாதிரி.

வேலை முடிந்ததும் குவாலியைத் துணியால் துடைத்தார். அதிலேயே கச்சாங் கடலை கொட்டி வறுத்தார். மீன் பிடிக்கப் போகும்போது கொறிக்க. "சாப்பிடுங்க மிஸ்ஸி, இந்த ருசி வேற எங்கயும் கிடைக்காது லா," என்று ஒரு கை அள்ளி நீட்டினார்.

கிடைக்காதுதான்.

25 மார்ச்

தர்மா அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். என் வாய்க்குப் பக்குவம் ஏது. "உங்க புள்ளைக்கு நீங்கதாண்ணே விஷம் வைக்கிறீங்க"ன்னு சொல்லிட்டேன். வாசலைக் காட்டினார்.

17 ஏப்ரல், புதன்

டிவிஷனில் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்ததில் பாதிப் பேருக்கு மேல் அளவு அதிகம். டாக்டர் நேரில் வந்து படம் போட்டு விளக்கினார். ஆண்கள் கொட்டாவி விட்டார்கள்.

"இருவது வருஷமா ஈயம் காச்சுறேன். எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன்," என்கிறார் தர்மா அண்ணன். அவரோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் சீனி, "மிஸ்ஸி நம்ம தூண்டிலையே பிடுங்கப் பாக்குது மச்சான்," என்று கிளப்பிவிட்டான். மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது.

வயித்தெரிச்சலா இருக்கு. புள்ளைங்க ரத்தத்துல ஓடுது, இவங்களுக்குத் தூண்டில் பெருசு. நான் வேற யார்கிட்ட போய் முட்டிக்க?

5 மே, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டினேன். வழக்கம்போல நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். நடுவில் புனிதா எழுந்தாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள்.

"இனிமே ஈயக்குண்டுல பிடிச்ச மீனை நான் கழுவ மாட்டேன். வெட்ட மாட்டேன். குழம்பு வைக்க மாட்டேன். அவ்வளவுதான்."

பிறகு நல்லம்மாள் அக்கா, தர்மா அண்ணனின் கூடப்பிறந்த அக்கா, சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "என் வீட்டுலயும் கிடையாது. பச்சையாத் திங்கட்டும்." அப்புறம் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒன்றரை மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு இது தோன்றவே இல்லையே.

12 மே, ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. நேற்று லொம்போங்கில் நல்ல வேட்டையாம். வீட்டுக்கு வீடு வாசலில் மீன் வாளி. தொட ஆள் இல்லை. சீனி தானே வெட்டுகிறேன் என்று உட்கார, தோமான் வழுக்கிச் சாக்கடையில் விழுந்தது. தர்மா அண்ணன் மீனைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். நல்லம்மாள் அக்கா கதவைத் திறக்காமலே, "எந்தக் குண்டுல பிடிச்சே தம்பி?" என்று கேட்டாராம்.

டிவிஷன் பூனைகளுக்கு இன்று தீபாவளி.

14 மே

தர்மா அண்ணன் தனியாகக் கிளினிக்குக்கு வந்தார். ரத்தம் எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

28 மே, செவ்வாய்

அவருக்கு ஈய அளவு மகளைவிட அதிகம். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை நடுக்கம், மூட்டுவலி, எல்லாம் வயசாச்சு என்று நினைத்திருந்தாராம்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புண்ணே," என்றேன்.

"வார்த்தைதான் தப்பு மிஸ்ஸி. விஷயம் சரிதானே." முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர். நானும் அழுதேன், மறைப்பானேன்.

"புள்ளைக்கு இறங்குமா?"

"இன்னைக்கே நிறுத்தினா இறங்கும்ணே."

2 ஜூன், ஞாயிறு

நிறுத்திவிட்டார். சும்மா இல்லை, டிவிஷனையே கிளப்பிக்கொண்டு நிறுத்தினார். பிள்ளைகளை எல்லாம் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, ஆண்கள் முகமூடி மாட்டி, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, பின்பக்கத்து மண்ணை வெட்டி எடுத்தார்கள். வீடு வீடாகப் போய்த் தான் கொடுத்த குண்டுகளைத் திருப்பி வாங்கினார். நச்சுக் கழிவு எடுக்கும் லோரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிப் போனது, குவாலி உட்பட. இனிமேல் தூண்டிலுக்கு லோரி நட்டுதான் கட்டப் போகிறார்களாம். இரும்பு. தாராளமாகக் கட்டட்டும்.

31 ஆகஸ்ட், சனி

லொம்போங்கில் தூண்டில் போட்டி. ஈயம் கொண்டுவந்தால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. சோதனை போட்டு உள்ளே விட்டது யார்? சீனி. புனிதாவின் தோமான் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஜெயித்துவிட்டோம்டி துளசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

12 நவம்பர், செவ்வாய்

தினேஸ்வரியின் ரத்தத்தில் ஈயம் இப்போது பதினொன்று. இன்னும் இறங்க வேண்டும், ஆனால் இறங்குகிறது. ஊசியைப் பார்த்ததும் என்னை முறைத்து, "எதுக்கு எப்பப் பாத்தாலும் என் ரத்தத்தையே திருடுற?" என்று கேட்டாள். கையில் ஊசியோடு சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

8 டிசம்பர், ஞாயிறு

தெலுக் இந்தானில் ஆற்றோரத்துத் தூண்டில்காரர்கள் கூட்டம். அங்கேயும் வீட்டிலேயேதான் ஈயம் காய்ச்சுகிறார்கள். உள்ளூர் கிளினிக்காரர்கள் ரத்தம் எடுக்க மேசை போட்டிருந்தார்கள். நான்தான் பேசுவதாக ஏற்பாடு. தர்மா அண்ணன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எம்பேரு தர்மா. என் புள்ள ரத்தத்துல ஈயம் இருந்துச்சு. நான் காச்சின ஈயம். இந்த மிஸ்ஸி சொன்னப்போ வீட்ட விட்டுத் தொரத்தினேன். உங்களுக்கும் இப்போ என்னைத் தொரத்தணும்னு இருக்கும். தொரத்துங்க. ஆனா புள்ளைங்கள அந்த மேசைக்கு அனுப்பிட்டுத் தொரத்துங்க."

பின்வரிசையில் ஒரு தடித்த ஆள் விருட்டென்று எழுந்து வெளியே போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. போச்சு என்று நினைத்தேன்.

டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோது அந்த ஆள் திரும்பி வந்தார், மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, இரண்டும் வீட்டுச் சட்டையோடு. தர்மா அண்ணன் மேடையிலிருந்து இறங்கிப் போய்ச் சின்னதைத் தூக்கிக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர் எழுந்தார்கள். மேசையில் ரத்தம் எடுக்கக் கை போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டார்கள்.