அந்த ஸ்டார் குறியைப் பற்றி உங்களிடம் சொல்லாதது

அண்ணாச்சி,

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தான் எழுதிய ப்ரோகிராமைப் பார்க்கச் சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினாள். நடுவில் ஒரு ஸ்டார் குறி (*). நான் அன்று எழுதிய அதே வரி. எனக்கு முகம் எரிந்தது. "என்ன சார், தப்பா?" என்றாள். "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டேன்.

துறைமுகச் சாலையில், நம் கன்டெய்னர் யார்டு ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையது. லாரியில் வந்திறங்கும் பெட்டிகளின் நம்பர்களை நீங்கள் அடிப்பீர்கள். எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று காட்டும், பைத்தான் மொழியில் எழுதிய ப்ரோகிராம் என்னுடையது. அதில் வரும் ஸ்டார்மேல் உங்களுக்கு ஒரு கண். "ஏலே, இங்கன பெருக்குது. ரெண்டா நின்னா அடுக்குக் கணக்குப் போடுது. லிஸ்ட்டுக்கு முன்னால நின்னா உள்ள கெடக்கதையெல்லாம் அவுத்து விடுது. ஒத்த ஆளு எத்தன வேலலே பாப்பான்?" என்று சிரிப்பீர்கள். நானும் பெரிய மேதாவி மாதிரி விளக்குவேன்.

ப்ரோகிராமில் நான் சில வரிகளை மாற்றி எழுதிய ஒரு திங்கட்கிழமை, முதலில் வந்த பெட்டியே யார்டின் மூன்று வரிசையிலும் நிற்பதாகத் திரை காட்டியது. கிரேன்காரர் தேடி அலைந்தார். கேட்டுக்கு வெளியே லாரிகள் நின்றன. மேலாளர் நேரே உங்கள் மேஜைக்கு வந்து கத்தினார். "ஒரே நம்பர மூணு தடவ அடிச்சிருக்கீரே ஓய்!"

"ஒரு தடவதான் அடிச்சேன்" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "தம்பி, அந்த ஸ்டாரு போட்ட இடத்துல எதுவும் சிக்கல் இருக்குமோ?"

எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது அண்ணாச்சி, வயசாவுதுல்லா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மதியம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் காட்டிய இடமேதான். மூன்று வரிசைக்கும் தனித்தனிப் பெட்டிப் பட்டியல் வேண்டுமென்று ஒரு காலி லிஸ்ட்டை ஸ்டார் போட்டு மூன்றாகப் பெருக்கி வைத்திருந்தேன். அப்படிப் பெருக்கினால் மூன்று லிஸ்ட் வராது. ஒரே லிஸ்ட்தான் மூன்று இடத்தில் நிற்கும், ஒன்றில் சேர்த்தது மூன்றிலும் ஏறும். கத்துக்குட்டிகூடத் தெரிந்து வைத்திருக்கிற விஷயம். சத்தமில்லாமல் திருத்தினேன். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருப்பேன்? சீ, எனக்கு என் பெயர் பெரிதாய்ப் போயிற்று.

அதற்கப்புறம் ஒவ்வொரு நம்பரை அடித்ததும் லாரியோடு வரும் சீட்டில் பென்சிலால் டிக் போட ஆரம்பித்தீர்கள். டிக் போட்ட பிறகும், "இத அடிச்சிட்டேனாலே?" என்று என்னைக் கேட்பீர்கள். "அடிச்சிட்டீங்க அண்ணாச்சி" என்பேன். ஸ்டாரைப் பற்றி நீங்கள் பிறகு கேட்கவேயில்லை.

மாரடைப்பில் நீங்கள் போன மறுவாரம் வீட்டுக்கு வந்திருந்தேன். மதினி காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள்.

"கொஞ்ச வருசமாவே மறதி வந்துட்டு, மறதி வந்துட்டுன்னு பயந்துக்கிட்டே கெடந்தாவ தம்பி. கதவப் பூட்டிட்டுத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பாப்பாவ. ஆபீசுல நீ பக்கத்துல இருக்கப் போயி வண்டி ஓடுதுன்னு சொல்லுவாவ."

உங்களுக்கு ஒரு மறதியும் கிடையாது அண்ணாச்சி. அதைச் சொல்லத்தான் அன்று வந்தேன். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகூடச் சேர்த்து வைத்திருந்தேன். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா மதினி, அண்ணாச்சிக்குக் கொஞ்சம் மறதி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.