தண்ணீரில் முக்கிய இரும்பு

இன்று காலை உமிச் சாம்பல் தகரத்தைக் கிளறி, நேற்றுச் சிவக்கக் காய்ச்சிப் புதைத்த லொறி ஸ்பிரிங் பட்டையை வெளியே எடுத்தேன். சாம்பலும் பழைய கிரீஸும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும், கூட்டாளி, உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. செத்தவனைத் திட்டக் கூடாதாம். இருக்கும்போதே திட்டியவன்தானே நான், இப்போது மட்டும் எதற்கு மரியாதை?

பொறுமை என்றால் என்னவென்றே உனக்குத் தெரியாது. கட்டுகஸ்தோட்டைப் பழைய இரும்புக் கடையில் இப்படியொரு பட்டையைப் பொறுக்கி வந்து, என் வீட்டுக் கொட்டிலில் கத்தி செய்யப் போவதாகக் குதித்தாய். இறுகிய உருக்கு, இரும்பு அறுக்கிற வாள் ஏறாது, காய்ச்சிச் சாம்பலில் போட்டு ஓர் இரவு ஆறவிட்டால்தான் இளகும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். காய்ச்சும்வரை கேட்டாய். நான் தேத்தண்ணி குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, அதைத் தூக்கி வாளித் தண்ணீரில் முக்கிவிட்டாய்.

“ஆறினா சரிதானே மச்சான்! சாம்பல்ல ஆறினா என்ன, தண்ணில ஆறினா என்ன?”

முன்னைவிட இறுகிப்போயிருந்தது. வாளின் பல்லெல்லாம் போனது. “வாள் சரியில்ல” என்றாய். பட்டையை மேசை வைஸ் இடுக்கியில் மாட்டி, சுத்தியலால் ஓங்கி அடித்தாய். கண்ணாடி மாதிரித் தெறித்தது. ஓர் இரும்புச் சில் என் வலது கண்ணில் ஏறியது. அந்தக் கண் போயே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்த என்னிடம் நீ சொன்ன முதல் வார்த்தை: “நீ ஏன்டா அங்க நின்ன?”

அதற்குப் பிறகும் வெட்கமில்லாமல் ஒவ்வொரு பௌர்ணமிப் போயா லீவுக்கும் வந்தாய். என் குருட்டுப் பக்கமாக நின்று, அப்படி வெட்டு, இப்படிப் பிடி என்று எனக்கே பாடம் எடுத்தாய். ‘என் அவசரத்தாலதான்’ என்று ஒரே ஒரு தடவை சொல்வாய் என்று காத்திருந்தேன். அதையும் சொல்லாமல் போன மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாய். சாவிலும் அவசரம்தான். செத்த வீட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். நல்ல மனுஷன் என்றேன். உன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள், வேறென்ன சொல்ல?

இன்றைய பட்டையை வைஸில் இறுக்கி வாளை வைத்தேன். சவர்க்காரம் மாதிரி அறுபட்டது. வழக்கம்போலத் திரும்பாமலே, “பாத்தியாடா, மடையா?” என்றேன். அந்தக் குருட்டுப் பக்கம் நீ நிற்பது எனக்குக் கண்ணால் தெரிந்ததேயில்லை, உன் அலட்டலால்தான் தெரியும்.

கண் போனது எப்போதோ பழகிவிட்டது. அந்தப் பக்கம் சத்தமில்லாமல் இருப்பதுதான் இன்னும் பழகவில்லை.