உன் கூனுக்கு எலிகள் சொன்ன காரணம்

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து, ஒரே அடுப்படியில் என்னோடு மல்லுக்கட்டிய அருமை மதினிக்கு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். மலையில் ஏலக்காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. உன் பேத்தி செல்வி போடி ரயிலில் வந்து இறங்கியிருக்கிறாள்.

அவள் என்ன சோலி பார்க்கிறாள் தெரியுமா? பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் எலும்பை அளக்கிறாள்! மருந்துக் கம்பெனிகள் அனுப்பும் புது மருந்தில் எலும்பு தேறுகிறதா என்று பார்த்துச் சொல்வார்களாம். ஏலக்காய் மூட்டையைக் கடித்த எலியைத் தெருமுனை வரை விளக்குமாற்றோடு துரத்தியவள் நீ. உன் பேத்தி அதுகளுக்கு மெத்தை விரிக்கிறாள்.

“பொட்டை எலிக்கு மயக்கம் குடுத்துச் சினைப்பைய எடுத்துருவோம் அப்பத்தா. தீட்டு நின்ன பொம்பளைக்கு ஆகுற மாதிரியே அதுக்கும் எலும்பு மெலிஞ்சுரும். அப்புறம் மருந்து குடுத்துப் பாப்போம்.”

“பாவம்டி.”

“பாவந்தான்” என்றவள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். எலும்புக்குள் ஏலக்காய்ப் பச்சையில் இரண்டு கோடுகள். சில நாள் இடைவெளி விட்டு இரண்டு தரம் சாயம் ஏற்றுவார்களாம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த நாட்களில் வளர்ந்த புது எலும்பாம்.

பொம்பளைக்கு எலும்பு மெலிந்தால் முதுகெலும்பு நசுங்கி, ஆள் குள்ளமாகிக் கூன் விழும் என்றும் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீயும் வருஷா வருஷம் குள்ளமானாயே! உன் சேலை தரையில் புரண்டபோது, “புதுப்பொண்ணு கணக்கா தெருவக் கூட்டிட்டு வர்றா” என்று சிரித்தேன். உப்பு ஜாடி எட்டவில்லை, அடுப்படிச் சுவர்ப் பலகையை இறக்கலாம் என்றாய். நான் விடவில்லை. “சோலிக்குப் பயந்து கூனுறா” என்று ஊருக்கே சொன்னேன். எலும்பு கரைந்துதான் குனிந்தாய் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை மதினி?

இன்னொன்று கேள். போன வாரம் என் சேலையும் தரையில் புரண்டது. செல்வி பார்த்துவிட்டாள்.

“வெரசா கெளம்பு அப்பத்தா, மதுரையில எலும்பு ஸ்கேன் எடுப்போம்.”

“கட்டையில போற வயசுல எனக்கெதுக்குடி?”

“எலிக்கே எடுக்குறேன், ஒனக்கு எடுக்க மாட்டனா?”

சரி என்று தலையாட்டினேன். நானே தலையாட்டினேன் என்றால் பார்த்துக்கொள்.

நாளைக்குப் போகிறேன். மாத்திரை கொடுத்தால் ஒழுங்காக விழுங்குவேன், இது உனக்குத் தரும் வாக்கு. பலகையை இன்றைக்கே ஆசாரியை வைத்து இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டேன். உன் படத்துக்கு முன்னால் கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். ஆனால் மலைக்கு இரவல் வாங்கிப்போன என் குடையைக் கம்பி ஒடித்துக் கொடுத்தாயே, அதை மட்டும் விடமாட்டேன். நேரில் வந்து கேட்கிறேன். வர நாளாகும், காத்திரு.

இன்னும் நிமிர்ந்து நிற்கும் உன் நாத்தனார்,
பேச்சியம்மா